முட்டைக்குள் ஒரு யூரியா ஆலை

சித்திரை வெயில் ஏறுவதற்கு முன்பே கண்மாய்க் கரை நிறைந்துவிடும். புதுக்கோட்டை மாவட்டத்தில் பொன்னமராவதி, விராலிமலை, இலுப்பூர் பக்கம் கோடையில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அடுத்த நொடி ஊத்தா, கச்சா, வலை, பழைய சேலை என்று கையில் இருப்பதோடு மொத்தக் கூட்டமும் தண்ணீருக்குள் இறங்கும். முழங்கால் அளவுத் தண்ணீர் பத்து நிமிடத்தில் சேறாகிவிடும்.

அப்படியொரு கரையில், பையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பேரனுக்கு ஒரு சந்தேகம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

"அப்பத்தா, மீனு எங்க ஒண்ணுக்குப் போகும்?"

"எங்க போகும்? தண்ணிக்குள்ளதான்டா. பேசாம பைய நல்லா விரிச்சுப் பிடி."

அப்பத்தா சொன்னது சரிதான். ஆனால், பாதி சரி. மீன் உடம்பில் சேரும் முக்கியமான கழிவு பெரும்பாலும் சிறுநீராகப் போவதில்லை, செவுள் வழியாகப் போகிறது. அப்படியானால் செவுளே இன்னும் முளைக்காத மீன்குஞ்சு என்ன செய்யும்? அப்பத்தாவின் பை நிறைவதும் நிறையாததும் அந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

குஞ்சு வந்த பை

கண்மாயில் கிடைக்கும் விரால், கெளுத்தி, அயிரை எல்லாம் தானாக வந்து தானாகப் பெருகியவை. ஆனால், கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடநாட்டு ஆறுகளுக்குச் சொந்தமானவை. தேங்கிய கண்மாய்த் தண்ணீரில் அவை முட்டையிடுவதில்லை. வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிறைந்ததும், பண்ணையிலிருந்து குஞ்சு வாங்கி வந்து விட்டால்தான் உண்டு. குத்தகை எடுத்தவருக்கும் சரி, ஊர்ப் பொதுவில் வாங்கி விடுபவர்களுக்கும் சரி, போட்ட பணம் அந்தக் குஞ்சுகளோடுதான் வண்டியில் வருகிறது.

வருவது பாலித்தீன் பையில். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். வாயை இறுக்கிக் கட்டி, அட்டைப் பெட்டியிலோ சாக்கிலோ வைத்து அனுப்புவார்கள். பையைப் பிரித்துக் கொட்டிய மறுநாள் காலையில் கரையோரம் வெள்ளை வெள்ளையாகக் குஞ்சு ஒதுங்கினால், பேச்சு இரண்டு பக்கம்தான் போகும். "பண்ணைக்காரன் நோஞ்சான் குஞ்சைக் கொடுத்துட்டான்" என்பது ஒன்று. "நம்ம கண்மாய்த் தண்ணி சரியில்ல" என்பது இன்னொன்று. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். மூன்றாவதாக ஒரு சந்தேக நபர் உண்டு. அது குஞ்சு தானே வெளியேற்றிய கழிவு.

மூட்டை யூரியாவும் உடம்பு யூரியாவும்

கறி, மீன், பருப்பு என்று எதைச் சாப்பிட்டாலும் அதிலுள்ள புரதத்தை உடம்பு எரிக்கும்போது நைட்ரஜன் மிச்சமாகிறது. அது முதலில் அம்மோனியாவாக வெளிவருகிறது. அம்மோனியா நஞ்சு. கொஞ்சம் கூடினாலும் மூளையைப் பாதிக்கும். அதனால் நம் கல்லீரல் அதை உடனுக்குடன் யூரியாவாக மாற்றிவிடுகிறது. வயலுக்கு மூட்டை மூட்டையாக வாங்கிப் போடுகிறோமே, அதே யூரியா. கல்லீரல் இதை எப்படிச் செய்கிறது என்ற சங்கிலியை 1932ல் ஜெர்மனியில் ஹான்ஸ் கிரெப்ஸும் குர்ட் ஹென்செலைட்டும் கண்டுபிடித்தார்கள். யூரியா சாது. ரத்தத்தில் சுற்றினாலும் பெரிய கெடுதல் செய்யாது. சிறுநீரகம் அதை நிதானமாக வடிகட்டி வெளியே அனுப்பிக்கொள்ளும்.

ஆனால், அம்மோனியாவை யூரியாவாக மாற்ற ஆற்றல் செலவாகும். சுற்றிலும் தண்ணீர் உள்ள மீனுக்கு அந்தச் செலவு எதற்கு? அம்மோனியாவை அப்படியே செவுள் வழியாகத் தண்ணீரில் விட்டுவிடுகிறது. ஆற்றங்கரையில் வீடு இருப்பவர் குழாய் இணைப்புக்குப் பணம் கட்டாத கதைதான். வளர்ந்த மீன்களில் பெரும்பாலானவை இப்படித்தான் வாழ்கின்றன.

இப்போது முட்டைக்குள் பார்ப்போம். கருவுக்குச் சாப்பாடு மஞ்சள் கரு. அதில் மாவுச்சத்து மிகக் குறைவு, புரதமும் கொழுப்பும்தான் அதிகம். புரதத்தை எரித்தால் அம்மோனியா வரும். ஆனால், வெளியேற்றச் செவுள் இல்லை, தள்ளிவிட ஓடும் தண்ணீர் இல்லை. சுற்றிலும் முட்டைச் சவ்வு, அதற்குள் ஒரு சொட்டுக்கும் குறைவான திரவம். கதவு ஜன்னல் சாத்திய அறையில் விறகு அடுப்பை எரிப்பது போன்ற நிலை.

இதற்கு இயற்கை வைத்திருக்கும் வழியைக் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்ரீசியா ரைட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1995ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ரெயின்போ ட்ரௌட் என்ற குளிர்நீர் மீன். நம் ஊருக்கு அந்நியம் இல்லை. நீலகிரியின் அவலாஞ்சியில் ஆங்கிலேயர் காலத்திலேயே இதற்குக் குஞ்சுப் பண்ணை வைத்தார்கள். குளிர்ந்த தண்ணீரில் இதன் முட்டை பொரியப் பல வாரம் ஆகும். அத்தனை நாளும் கழிவை என்ன செய்வது? ட்ரௌட் கருவுக்குள் யூரியா செய்யும் நொதிகள் வேலை செய்வதை அவர்கள் கண்டார்கள். வளர்ந்த ட்ரௌட்டின் கல்லீரலில் அந்த நொதிகள் ஏறக்குறைய ஓய்ந்து கிடக்கின்றன. பெரியவனானதும் மூடிவிடப்போகும் யூரியா ஆலையை, குழந்தைப் பருவத்தில் மட்டும் திறந்து வைத்திருக்கிறது அந்த மீன். எல்லா அம்மோனியாவையும் அது யூரியாவாக்கிவிடுவதில்லை, ஒரு பங்கைத்தான். அந்த ஒரு பங்கு, நஞ்சின் அளவை உயிர் தாங்கும் எல்லைக்குள் வைக்க உதவுகிறது.

தவளையில் இது தலைகீழாக நடக்கும். தண்ணீரில் இருக்கும் தலைப்பிரட்டை அம்மோனியாவை விடுகிறது. தரைக்கு வந்த தவளை யூரியாவுக்கு மாறுகிறது.

தோல்தான் முதல் செவுள்

கட்லா, ரோகு முட்டைகளுக்கு ட்ரௌட் அளவுக்குக் காத்திருப்பு இல்லை. நம் ஊர் வெப்பத்தில் 14 முதல் 18 மணி நேரத்தில் பொரித்துவிடும். பிறகு சுமார் மூன்று நாள் மஞ்சள் கருப் பையை வயிற்றில் சுமந்துகொண்டு, வாய் திறந்து எதையும் தின்னாமல் கிடக்கும். அந்தப் பை வற்றியதும் நுண்மீன் குஞ்சு என்ற பெயரில் விற்பனைக்கு வரும். இமை மயிர் அளவுதான் இருக்கும். இந்த நாட்களில் செவுள் உருவாகிக்கொண்டிருக்கிறதே தவிர, முழுதாகத் தயாராகவில்லை. கழிவு எந்த வழியாகப் போகிறது?

இதற்கு விடை கிடைத்தது கட்லாவின் சொந்தக்கார மீனிடமிருந்து. அலங்கார மீன் கடையில் ஜீப்ரா என்று கேட்டால் கொடுப்பார்களே, நீலக் கோடு போட்ட அந்தப் பொடி மீன். கங்கைக் கரையில் பணியாற்றிய பிரான்சிஸ் ஹாமில்டன் 1822ல் வெளியிட்ட கங்கை மீன்கள் பற்றிய நூலில்தான் கட்லா, ரோகுவோடு இந்த மீனும் முதன்முதலாக அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. குஞ்சு கண்ணாடிபோல இருப்பதால், இன்று உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் இதை வளர்க்கிறார்கள்.

தைவான் ஆய்வாளர்கள் 2008ல் ஊசிமுனையைவிட மெல்லிய மின்முனைகளை ஜீப்ரா குஞ்சின் தோலுக்கு அருகில் கொண்டுபோய், எந்த இடத்தில் அம்மோனியா கசிகிறது என்று அளந்தார்கள். மஞ்சள் கருப் பையைப் போர்த்திய தோலில் தனித்தனிப் புள்ளிகளாகச் சில செல்கள் இருக்கின்றன. கசிவு அங்கேதான் அதிகம். அந்தச் செல்கள் இரண்டு வேலை செய்கின்றன. அம்மோனியாவை வெளியே விடுகின்றன, கூடவே அமிலத்தையும் வெளியே தள்ளுகின்றன.

அமிலம் எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? அம்மோனியாவுக்கு இரண்டு வேடம் உண்டு. ஒன்று வாயு வடிவம். உடம்புச் சவ்வுகளுக்குள் இஷ்டத்துக்கு நுழையும், கொல்லும். இன்னொன்று அமிலத்தோடு சேர்ந்து மின்னூட்டம் ஏறிய அம்மோனியம். அது சவ்வைத் தாண்டித் திரும்ப வருவது கடினம். குஞ்சு தன் தோலுக்கு வெளியே ஒரு மயிரிழை உயரத்துக்கு அமிலப் படலம் வைத்திருக்கிறது. வெளியே வந்த வாயு அந்தப் படலத்தில் பட்டதும் அம்மோனியமாகிவிடும், மறுபடி உள்ளே நுழைய முடியாது. வாசலைத் தாண்டியதும் தலையில் மூட்டையை ஏற்றிவிடுவதுபோல. மூட்டையோடு குனிந்து அதே வாசலில் நுழைய முடியுமா?

அம்மோனியாவை வெளியே விடும் அந்த வாசலின் பெயர் நமக்குத் தெரிந்ததுதான். ஆர்.எச். புரதம். பிளட் குரூப் கார்டில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று எழுதுகிறார்களே, அந்த ஆர்.எச். குடும்பத்தைச் சேர்ந்ததே இதுவும். நம் சிறுநீரகத்திலும் இந்தக் குடும்பத்துப் புரதம் உண்டு. மனித ஆர்.எச். குடும்பப் புரதங்கள் அம்மோனியாவைக் கடத்துகின்றன என்பது 2000ல்தான் தெரியவந்தது. அதற்கு முன் பல பத்தாண்டுகள் ரத்த வங்கியில் மட்டுமே பேசப்பட்ட பெயர் அது.

செவுள் பற்றியும் ஒரு செய்தி உண்டு. செவுள் என்றால் மூச்சு என்றுதான் பள்ளியில் படிக்கிறோம். அலெக்ஸ் சிம்மர், பாட்ரீசியா ரைட், கிறிஸ் வுட் மூவரும் 2014ல் ட்ரௌட் குஞ்சின் தலைப் பக்கத்தை ஓர் அறையிலும் உடல் பக்கத்தை மறு அறையிலும் வைத்து, எந்தப் பக்கம் எதை வாங்குகிறது, எதை விடுகிறது என்று தனித்தனியாக அளந்தார்கள். குஞ்சு வளர வளர வேலைகள் தோலிலிருந்து செவுளுக்கு மாறுகின்றன. முதலில் மாறியது மூச்சு அல்ல. உப்பை உள்ளே இழுப்பதும் அம்மோனியாவை வெளியே விடுவதும்தான் முதலில் செவுளுக்குப் போயின. ஆக்சிஜன் எடுக்கும் வேலை அதற்குப் பிறகுதான் வந்தது. குறைந்தபட்சம் இந்த மீனில், செவுள் மூக்காவதற்கு முன்பு கழிவு வாசலாக இருந்திருக்கிறது.

பைக்குள் நடக்கும் கணக்கு

மறுபடி பைக்கு வருவோம். வண்டி ஓடும் நேரம் முழுக்க குஞ்சுகள் அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். பையில் ஓடும் தண்ணீர் இல்லை. முட்டைக்குள் இருந்த அதே சிறை, கொஞ்சம் பெரிய அளவில். ஆக்சிஜன் போதுமா என்று மட்டும் கவலைப்படுவது நம் வழக்கம். பைக்குள் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும்போதே அம்மோனியா ஆளைச் சாய்த்துவிடலாம்.

பண்ணையில் குஞ்சைப் பையில் போடுவதற்கு முன், பல மணி நேரம் உணவு கொடுக்காமல் வலைத்தொட்டியில் வைப்பார்கள். வாங்க வந்தவருக்கு எரிச்சலாக இருக்கும், "பட்டினி போட்டே கொன்னுடுவாங்க போல" என்று தோன்றும். உண்மையில் வயிறு காலியானால்தான் வழியில் கழிவு குறையும். அவசரப்பட்டு அப்போதே தின்ற குஞ்சை வாரிப் போட்டுக்கொண்டு வருவதுதான் ஆபத்து. இந்த ஒரு விஷயத்தில் பண்ணைக்காரர் தாமதம் செய்தால் நன்றி சொல்லலாம்.

அந்தக் காலத்தில் இது இன்னும் பாடாக இருந்திருக்கிறது. ஹிராலால் சௌத்ரி 1957 ஜூலை 10ல் ஒடிசாவில் ஹார்மோன் ஊசி மூலம் கெண்டை இனத்தை முட்டையிட வைத்த பிறகுதான் பண்ணையில் குஞ்சு உற்பத்தி சாத்தியமானது. ஜூலை 10ஐ மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடுவது அதனால்தான். அதற்கு முன் வங்காளத்து ஆறுகளில் குஞ்சை அரித்தெடுத்து, மண்பானையில் ஊற்றி, ரயிலேற்றி அனுப்புவார்கள். கூடவே ஆள் வந்து பானையை ஆட்டிக்கொண்டே இருப்பார், வழியில் தண்ணீர் மாற்றுவார். பானையில் ஒரு கை செம்மண் தூளும் போடுவார்கள். தண்ணீரில் மிதக்கும் அழுக்கைப் பிடித்துக்கொண்டு மண் அடியில் படியும். அம்மோனியா பற்றிப் பாடம் எடுக்காமலேயே அதற்கு வைத்தியம் பார்த்தவர்கள்.

இப்போதைய பையில் நடக்கும் இன்னொரு வேடிக்கை இதைவிட முக்கியம். குஞ்சுகள் விடும் மூச்சில் கரியமில வாயு சேர்ந்து, பைத் தண்ணீர் லேசாக அமிலமாகிறது. அமிலம் கூடினால் அம்மோனியாவில் பெரும்பகுதி, கொல்லாத அம்மோனியமாகவே கிடக்கும். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருந்தால், மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒன்றுகூட வாயு வடிவில் இருக்காது. பி.எச். 8 என்றால் சுமார் 5 சதவிகிதம். பி.எச். 9 என்றால் சுமார் 36 சதவிகிதம்.

இப்போது பையைப் பிரிக்கிறோம். கரியமில வாயு பறந்துவிடுகிறது. பி.எச். ஏறுகிறது. இவ்வளவு நேரம் பூனையாகக் கிடந்த அம்மோனியா புலியாகிறது. கரை வரை நல்லபடியாக வந்த குஞ்சு, கரையில் வைத்து அடிவாங்குவது இப்படியும் நடக்கும்.

ஆகவே, மூடிய பையை மூடியபடியே 15, 20 நிமிடம் கண்மாயில் மிதக்கவிட வேண்டும், வெப்பம் சமமாகட்டும். பிரித்த பிறகு கண்மாய்த் தண்ணீரைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அள்ளிவிட்டு, பையைச் சாய்த்தால் குஞ்சு தானாக நீந்திப் போகும். நீண்ட தூரம் வந்த பை என்றால் பிரித்த பின் தாமதிக்கக் கூடாது. பையை அவிழ்த்து வைத்துக்கொண்டு, "தலைவர் வந்துட்டிருக்கார், போட்டோ எடுத்துட்டு விடுவோம்" என்று வெயிலில் நிறுத்துவதுதான் இதில் படு மோசமான வேலை. தலைவர் வரும்வரை பை கட்டிய நிலையிலேயே நிழலில் இருக்கட்டும்.

நேரமும் கணக்கில் வரும். பச்சைப் பாசி நிறைந்த கண்மாயில் நல்ல வெயிலடிக்கும் பிற்பகலில் பி.எச். 9ஐத் தொட்டுவிடலாம். பாசி கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதுதான் காரணம். அந்தத் தண்ணீரில் குஞ்சுக்கு இரட்டை அடி. வெளியே உள்ள அம்மோனியா வீரியமாகிறது. தோலுக்கு மேல் வைத்திருக்கும் அமிலப் படலமும் சரியாக நிற்காததால் உள்ளே உள்ளது வெளியே போவதும் மந்தமாகிறது. விடியற்காலையில் வேறு சிக்கல், ராத்திரி முழுக்கப் பாசியும் மீனும் மூச்சுவிட்டு ஆக்சிஜன் குறைந்திருக்கும். காலை இளவெயில் அல்லது வெயில் தாழ்ந்த மாலை என்று சொல்வது இதனால்தான்.

சுராவும் தேளியும்

மீன் என்றாலே அம்மோனியா என்று முடித்துவிடவும் முடியாது. புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடலும் உண்டு. கோட்டைப்பட்டினத்திலோ ஜெகதாப்பட்டினத்திலோ சுரா வாங்கிப் புட்டு செய்பவர்களுக்கு ஒரு நெடி தெரியும். சுரா கடல் உப்பைச் சமாளிக்க உடம்பு முழுக்க யூரியாவைத் தேக்கி வைத்துக்கொள்ளும் மீன். செத்த பிறகு பாக்டீரியாக்கள் அந்த யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகின்றன. வாங்கிய சுரா மூக்கில் ஏறினால் அது பழசு என்று அர்த்தம்.

கென்யாவின் மகாடி ஏரியில் நம் ஜிலேபி மீனின் உறவுக்கார மீன் ஒன்று வாழ்கிறது. அந்தத் தண்ணீரின் பி.எச். சுமார் 10. அங்கே அம்மோனியாவை வெளியே தள்ளுவது நடக்காத காரியம். அந்த மீன் பெரியதான பிறகும் யூரியா ஆலையை மூடுவதே இல்லை என்பதை 1989ல் கண்டுபிடித்தார்கள்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கண்மாய் வற்றிச் சேறாகும்போது, கழிவை அடித்துச் செல்லத் தண்ணீர் இல்லாமல் மற்ற மீன்கள் தவிக்கும். தேளி மட்டும் சேற்றுக்குள் காற்றைக் குடித்துக்கொண்டு கிடக்கும். இதன் உடம்பில் யூரியா தயாரிப்பு முழுமையாக நடக்கிறது என்று ஷில்லாங் வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்தின் நிர்மலேந்து சாஹா, சக ஆய்வாளர் ரதாவுடன் சேர்ந்து 1987ல் எழுதினார். சுற்றிலும் அம்மோனியா கூடினாலோ, தண்ணீர் இல்லாமல் போனாலோ தேளி யூரியா உற்பத்தியைக் கூட்டிவிடும். ட்ரௌட் குஞ்சுப் பருவத்தோடு கைவிடும் வித்தை இதற்குச் சாகும்வரை கைவசம் இருக்கிறது.

அதனால்தான் திருவிழாக் கூட்டம் கலங்கடித்து முடித்து, கட்லாவும் ரோகுவும் பையில் ஏறிய பிறகும் சேற்றுக்குள் ஏதோ ஒன்று நெளிகிறது. பேரன் குனிகிறான்.

"டேய், அது தேளிடா! கைய வைக்காத, கொட்டிப்புடும்."